நீலம் ஏறாத குழாய்

"யூரிக் ஆசிட் கம்மியா இருந்தா நல்லதுதானே மேடம்? அதிகமா இருந்தாத்தானே மூட்டுவலி?"

போன மாதம் என்னிடம் இப்படிக் கேட்ட பெண் ஒரு லேப் டெக்னீஷியன். கெட்டிக்காரி. ஊசி குத்தினால் குத்தியது தெரியாது. என் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளப் போன இடத்தில், மெஷின் துப்பிய யாரோ ஒருவருடைய தாளில் யூரிக் ஆசிட் எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், தாளை மடித்தாள், உறைக்குள் போட்டாள். டாக்டரிடம் சொல்லவேண்டாமா என்று நான் கேட்டதற்குத்தான் இந்தப் பதில். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்று வெகுநாளாகிறது, என் கோபம் மட்டும் இன்னும் பணியில்தான் இருக்கிறது. அங்கேயே நின்று சொல்ல ஆரம்பித்தேன். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் கையை மடக்கிக்கொண்டு நின்றதால் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று. "மீதியை எழுதித் தாங்க மேடம்" என்றாள். எழுதுகிறேன்.

என் பெயர் ஜமீலா. பழவேற்காட்டுக்காரி. ஒரு காலத்தில் எங்கள் வீட்டார் கப்பலில் சரக்கு அனுப்பியவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து வாப்பா கயிறும் வலை நூலும் விற்றார். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, மெட்ராஸில் ஒரு வருஷம் லேப் படிப்பு படித்தேன். அந்த ஒரு வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணாடிக் குழாய் கழுவக் கற்றுக்கொண்டேன், கழுவியதை நம்பக் கூடாது என்றும் கற்றுக்கொண்டேன். வேலைக்கு உத்தரவு வந்தபோது பெரிய மாமா, "நம்ம வீட்டுப் பொண்ணு ஊரார் மூத்திரத்த சோதிக்கப் போவுதா?" என்றார். "யாராச்சும் சோதிக்கணும்ல மாமா, நாளைக்கு உங்களுதே வரும்" என்றேன். வந்தது. சர்க்கரை நாலு பிளஸ். அதற்குப் பிறகு அவர் என் வேலையைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது ஏரிக்கரையோரம் இருந்த ஓர் அரசு ஆஸ்பத்திரியில். லேப் என்பது ஒரு காலத்தில் குளியலறையாக இருந்த இடம். மூலையில் இன்னும் சாக்கடைத் துளை இருந்தது. ஒரு மைக்ராஸ்கோப், கையால் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ், நிறத்தின் அடர்த்தியை முள்ளால் காட்டும் ஒரு கலரிமீட்டர். மலேரியாவுக்கும் யானைக்கால் கிருமிக்கும் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுப்பது பெரும்பாலான வேலை. தோணிரேவிலிருந்தும் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் வருகிறவர்கள் எனக்கு 'ரத்தக்காரம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள். என் காதுபடவே கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எங்களுக்கு மேலதிகாரி டாக்டர் சபாபதி. அவரைப் பற்றி நிதானமாகச் சொல்லவேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதானால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் இரண்டு பக்கமும் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திரும்ப மாட்டிக்கொள்வார். அதற்குள் நமக்குப் பாதி உயிர் போயிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில். லேப் ரிஜிஸ்டரில் ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் அந்தப் பென்சிலால் சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். ஒரு முடிவு பிடிக்கவில்லையென்றால் அடிக்கமாட்டார், சுழிக்கமாட்டார், "யாரு கேட்டது இந்த டெஸ்ட்டு?" என்று மட்டும் கேட்பார். நோயாளிகளிடம் தங்கமான மனுஷன். எங்களிடம் எறும்பு கடிக்கிற மாதிரி.

யூரிக் ஆசிட் பார்ப்பது அந்த நாளில் அரை நாள் வேலை. ரத்தம் உறைந்தபின் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் சீரத்தை எடுக்கவேண்டும். அதில் டங்ஸ்டேட்டும் அமிலமும் விட்டால் தயிர் திரிகிற மாதிரி புரதம் திரிந்து வரும். வடிகட்டினால் தண்ணீர் போல ஒரு திரவம். அதில் சோடியம் கார்பனேட்டும் பாஸ்போடங்ஸ்டிக் அமிலமும் சேர்த்துக் கொஞ்ச நேரம் காத்திருந்தால், யூரிக் ஆசிட் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம் ஏறும். எல்லாம் வாயால் உறிஞ்சி அளக்கும் பிப்பெட். கார்பனேட் சில நாள் நாக்குக்கே வந்துவிடும்.

சோதனை சரியாக நடந்ததா என்று பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிகளில் அளவு தெரிந்த சீரம் பாட்டிலில் வரும். எங்களுக்கு வராது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வேறு ஏதோ டெஸ்ட்டுக்கு ஒரு குழந்தையிடம் எடுத்த ரத்தத்தில் மிஞ்சிய சீரத்தை எடுத்து, பெரியவர்களின் சீரத்தோடு சேர்த்து ஓட்டிவிடுவேன். குழந்தைகளுக்கு யூரிக் ஆசிட் எப்போதும் மிதமாக, ஒரே மாதிரிதான் இருக்கும். அந்தக் குழாயில் வெளிர்நீலம் வந்தால் மருந்துகள் சரி, என் கையும் சரி. புத்தகத்தில் இல்லாத வழி. எந்த டாக்டரும் கேட்காத டெஸ்ட். ரிஜிஸ்டரிலும் ஏறாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு காலை நேரம், லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கன்னியம்மா தன் மகள் செல்வியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தோணியில் ஏரியைக் கடந்து வந்திருந்தாள். புடவைக் கீழ்ப்பகுதி ஈரமாக இருந்தது. செல்விக்கு மூன்று வயது. நடக்கவில்லை. கால்கள் விறைத்துக் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். வாயெல்லாம் வெள்ளைப் புண், காதில் சீழ், ஆறாத இருமல். நான் ஊசி குத்தியபோது அவள் அழவில்லை. என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்தேம்மா. ரெண்டும் இப்பிடியே இருமி இருமிப் பூடுச்சு" என்றாள் கன்னியம்மா. "இதுவும் பூடுச்சுன்னா என்னியத் தள்ளி வச்சுட்டு, என் தங்கச்சி தேவகிய எங்க மாமாவுக்குக் கட்டி வைக்கப் போறாங்க. ஊரு ஒரு வருசமா இதையேதான் பேசுது. எங்கம்மாவே சொல்லிட்ச்சு, 'உன் வவுறு சரியில்லடி'ன்னு."

மாமா என்று அவள் சொன்னது அவளுடைய புருஷன் முனுசாமியை. அவளுடைய அம்மா அஞ்சலையின் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமனைக் கட்டுவது அந்தக் கரையில் புதிதில்லை. மூத்தவள் சரியில்லை என்றால் அதே மாமனுக்கு இளையவள்.

அன்றைக்கு ஒரு ரிடையர்டு தலைமையாசிரியருக்கு யூரிக் ஆசிட் கேட்டு வந்திருந்தது. வழக்கப்படி, செல்வியிடம் ரத்த சோகைக்காக எடுத்ததில் மிஞ்சிய சீரத்தை எடுத்துக் கூட ஓட்டினேன். தலைமையாசிரியரின் குழாய் மை போல நீலம். ஒப்பிட்டுப் பார்க்க நானே யூரிக் ஆசிட் கரைத்து வைத்த அளவுக் குழாயும் நீலம். செல்வியின் குழாய் வெறும் தண்ணீர்.

சீரம் விட மறந்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பச் செய்தேன். தண்ணீர். கார்பனேட்டைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைத்தேன். தண்ணீர். கலரிமீட்டரில் வைத்தால் முள் அசையக்கூட இல்லை. செல்வியின் பழைய சீட்டுகளைத் தேடி எடுத்தேன். மூன்று முறை அவளுடைய ரத்த அணுக்களை எண்ணியிருக்கிறேன். மூன்றிலும் 'லிம்போசைட் எட்டு' என்று என் கையெழுத்து. அந்த வயதுக் குழந்தைக்கு நூறு வெள்ளை அணுவில் பாதிக்கு மேல் அதுதான் இருக்கவேண்டும். நானே எண்ணினேன், நானே எழுதினேன், ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சீட்டுகளையும் குழாயையும் எடுத்துக்கொண்டு டாக்டர் சபாபதியிடம் போனேன். கண்ணாடி கழன்றது. துடைத்தார். வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரு கேட்டது இந்த டெஸ்ட்டு?"

"யாரும் கேக்கல சார். சரிபார்க்க ஓட்டினேன்."

"மனுஷ ரத்தத்துல யூரிக் ஆசிட் இல்லாம இருக்காது, ஜமீலா." சிவப்புப் பென்சிலை எடுத்தார். என் துண்டுச் சீட்டின் குறுக்கே 'லேப் எரர்' என்று எழுதினார். அழகான கையெழுத்து.

அதுவரை எத்தனையோ தடவை தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. அந்தச் சீட்டு அப்படியே குப்பைக்குப் போனால் கன்னியம்மாவின் வயிறு மட்டும்தான் குற்றவாளியாக மிஞ்சும்.

"சார், உங்க கைய நீட்டுங்க."

"என்ன?"

"உங்க ரத்தம், என் ரத்தம், கம்பவுண்டர் ரத்தம், அந்தப் புள்ளயோட புது ரத்தம். நாலையும் ஒண்ணா ஓட்றேன். நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க. நாலும் ஒரே மாதிரி நின்னா நான் தப்பு. நாளைக்கே ராஜினாமா எழுதித் தரேன்."

அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார். இந்த ஒன்றுக்காகவே அவரைப் பற்றி நான் யாரிடமும் கெட்டதாகப் பேசியதில்லை.

குளியலறையாக இருந்த அந்த லேபில் அவர் முழுச் சோதனைக்கும் நின்றார். மூன்று குழாயில் நீலம் ஏறியது. அவருடையதுதான் அதிக நீலம். நாலாவது தண்ணீர். அவர் அதைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கிற மாதிரியே. "என்னுது கொஞ்சம் ஜாஸ்தி" என்றார். "கறியைக் குறைங்க சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மெட்ராஸுக்கு லெட்டர் எழுதினார்.

மெட்ராஸில் குழந்தைகளைப் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் செல்வியையும் கன்னியம்மாவையும் நானே பஸ்ஸில் கூட்டிப்போனேன். டாக்டரம்மா சீட்டைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "இத நான் படிச்சிருக்கேனே தவிர பார்த்ததில்லை" என்றார். எனக்கு விளங்கும்படி சொன்னார். உடம்பில் அணுக்கள் பழசாகிக் கழியும்போது ப்யூரின் என்ற கழிவு வரும். அதைப் படிப்படியாக உடைத்து யூரிக் ஆசிட்டாக்கிச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது உடம்பு. உடைக்கிற என்ஸைம்களில் ஒன்று இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே இல்லை. அதனால் யூரிக் ஆசிட் உண்டாகவே இல்லை. உடையாத கழிவு உள்ளேயே தங்கி, நோயை எதிர்க்கும் லிம்போசைட்டுகளைக் கொன்றுவிடுகிறது. நரம்பையும் கெடுக்கிறது. சாதாரண சளியே அவளுக்கு எமன்.

"வைத்தியம்?" என்றேன்.

"நம்ம நாட்டுல இப்போதைக்கு இல்ல. ஆனா பேர் வைக்கலாம். வெளிநாட்டுல ஒரு லேபுல அந்த என்ஸைமை அளக்கறாங்க. எனக்குத் தெரிஞ்சவர் போறார், ஐஸ் ஃபிளாஸ்க்கில கொடுத்தனுப்பலாம். அம்மா, அப்பா ரெண்டு பேரோட ரத்தமும் வேணும்." வாசல்வரை வந்து, "இவளுக்கு அம்மை மட்டும் வந்துடக் கூடாது, பார்த்துக்குங்க" என்றார்.

கன்னியம்மா அங்கேயே கையை நீட்டிவிட்டாள். முனுசாமியின் ரத்தத்துக்கு நான் தோணி ஏறிக் குப்பத்துக்குப் போனேன். கட்டுமரத்து நிழலில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"எனுக்கு இன்னாம்மா சீக்கு? எதுக்கு என் ரத்தம்?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளையின் சீக்குக்குத் தகப்பனிடம் ரத்தம் எடுப்பதை அந்தக் கரையில் யார் பார்த்திருக்கிறார்கள்!

"இத குட்தா செல்வி பொழச்சுக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "பொழைக்காது முனுசாமி. ஆனா ஏன்னு தெரியும். தெரியாம அவ ஒருத்தி தலையில போட்டுட்டுக் கீறீங்களே, அதுக்காவது தெரியணும்."

அவன் வலை ஊசியைக் கீழே வைத்தான். சிரித்தவர்களைப் பார்க்காமல் இடது கையை நீட்டினான். உப்பும் வெயிலும் பட்டுத் தோல் தடித்திருந்தது. இரண்டு ஊசி வளைந்தது.

இனி நான் செய்த தப்பு. டாக்டரம்மா சொன்னதைக் கன்னியம்மாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன்? "செல்விக்கு அம்மை போட்டா உடனே தூக்கிட்டு வா" என்று சொன்னேன். பக்கத்து வீட்டில் போட்டாலே ஊரை விட்டுக் கிளம்பிவிடு என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. சித்திரையில் குப்பத்து அம்மன் கோயிலில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டினால் திருவிழா முடிகிறவரை ஊரார் எல்லை தாண்டக் கூடாது. மூன்றாவது வீட்டுப் பையனுக்கு அம்மை வார்த்திருந்தது. ஆத்தா வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினார்கள். செல்விக்கு முத்து போட்டபோது, காப்பு இருந்தாலும் பரவாயில்லை என்று கன்னியம்மா தோணிக்கு ஓடினாள். எல்லை தாண்டினால் ஊருக்கே ஆகாது என்று எந்தத் தோணிக்காரனும் கழி எடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள். அதற்குள் நுரையீரலில் இறங்கிவிட்டிருந்தது. டாக்டர் சபாபதி அந்தக் கட்டிலை விட்டு நகரவில்லை. மத்தியானம் செல்வி போய்விட்டாள்.

நான் லேபுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஊர்மேல் கோபம், காப்பின்மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் என்மேல் கோபம்.

வெளிநாட்டிலிருந்து பதில் வர இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. நாலு வரி. குழந்தையின் ரத்தத்தில் அந்த என்ஸைம் அறவே இல்லை. தாயிடம் சாதாரண அளவில் பாதி. தகப்பனிடமும் பாதி.

அதே வாரம் கன்னியம்மா வந்து நின்றாள். "வர்ற வெள்ளிக்கெழம பஞ்சாயத்து. என்னிய அத்து வுட்டுட்டு தேவகியப் பேசி முடிக்கப் போறாங்க. அந்தக் கடுதாசிய நீ வந்து படிக்கிறியாம்மா? நான் சொன்னா எவன் கேப்பான்."

டாக்டர் சபாபதி கண்ணாடியைத் துடைத்தார். "நோயாளி விவரத்தை வெளியில பேசக் கூடாது."

"பெத்தவளே வந்து கூப்பிடறா சார்."

"லீவு தரமாட்டேன்." கண்ணாடியை மாட்டினார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் லேப் பக்கம் வரவும் மாட்டேன்."

குப்பத்துப் பஞ்சாயத்து கோயில் வாசலில். ஊர்த் தலைவரை அங்கே நாட்டார் என்பார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் தள்ளி. நான் முன்னால் போய் நின்றேன். சலசலப்பு.

"நீ யாரும்மா எங்க ஊரு பஞ்சாயத்துல பேச?" என்றார் நாட்டார்.

"உங்க எல்லார் ரத்தத்தையும் பார்த்தவ. உங்களுக்கு வந்த மலேரியாவ நான்தான் கண்டுபுடிச்சேன். அப்போ மட்டும் யாருன்னு கேக்கலியே?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள். நாட்டார் கையமர்த்தினார். நான் கடிதத்தைப் படித்து, தமிழில் சொன்னேன். "பாதி இருந்தா ஒண்ணும் ஆவாது. இவங்க ரெண்டு பேரையும் பாருங்க, கல்லாட்டம் கீறாங்க. ஆனா பாதியும் பாதியும் சேர்ந்தா, சில புள்ளைக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் இல்லாத பங்கே வந்து சேருது. இது கன்னியம்மா வவுத்துல இருக்கற கோளாறு இல்ல. பாதி அவகிட்ட, பாதி முனுசாமிகிட்ட. ரெண்டு பேரும் ஒரே வம்சம், அதனாலதான் ஒரே பாதி. தேவகிக்கும் அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், எனக்குத் தெரியாது. ஆனா அவளயும் இங்கயே கட்டிவைச்சீங்கன்னா, இன்னும் ரெண்டு புள்ளயப் பொதைக்க நீங்களே குழி தோண்டறீங்க."

அஞ்சலை எழுந்தாள். பெற்ற மகளையே தள்ளிவைக்கச் சொன்னவள் அவள்தான். அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று தெரியவில்லை. "எங்க வம்சத்துல கோளாறுன்னா சொல்ற?"

"ஆமாக்கா. யார் செஞ்ச தப்பும் இல்ல. ஆனா அங்கதான் கீது."

நாட்டார் தாடையைத் தடவினார். மோசமான மனுஷர் இல்லை. யோசித்துத்தான் சொன்னார். "அப்போ சரி. தேவகி வேணாம். வெளியூர்லேருந்து, ஒறவில்லாத எடத்துல முனுசாமிக்கு ஒண்ணு பார்ப்போம். அங்க இந்தப் பாதி இருக்காதில்ல?"

அவர் சொன்னது சரி. நான் படித்துக் காட்டிய கடிதமே அதற்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டது. தேவகி தப்பித்தாள். கன்னியம்மாவை என் கையாலேயே வெளியே தள்ளியிருந்தேன். அவள் தலை குனிந்து மணலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'இருக்காது' என்று சொல்லவும் முடியவில்லை, 'இருக்கும்' என்று பொய் சொல்லவும் முடியவில்லை.

"சொல்லும்மா, இருக்குமா?"

"இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி" என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போதுதான் முனுசாமி எழுந்தான். அவன் பேசுகிறவனே இல்லை. துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"எனுக்கு வெளியூர்ப் பொண்ணு பாருங்க நாட்டாரே. நான் வேணான்னு சொல்லல. அதே நாளு கன்னிக்கும் ஒரு வெளியூர் மாப்ளயப் பாருங்க. அவளுக்கும் எனுக்கும் ஒரே பாதிதானே? அவளுக்கும் நல்ல புள்ள பொறக்கட்டும். ரெண்டு கல்யாணத்தையும் ஒரே பந்தல்ல நடத்துங்க, நானே பந்தல் போடறேன்."

நாட்டார் முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மாப்ள கெடைச்சா சொல்லி அனுப்புங்க" என்றான் முனுசாமி. பிறகு பெண்கள் பக்கம் போய், கன்னியம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டிப்போனான்.

இதுவரை யாரும் சொல்லி அனுப்பவில்லை.